பரணில் தூங்கும் மடிக்கணினி

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியதல்லவா? அவற்றில் ஒன்று மயிலாடும்பாறையில் உங்கள் வீட்டுப் பரணில் தூங்குகிறதா? பொத்தானை அமுக்கிவிட்டு, காப்பி போட்டுக் குடித்து முடித்தாலும் விழிக்க மறுக்கிறதா? பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்!

நோய் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில்தான். உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. ஒரு சிறு கை அங்குமிங்கும் ஓடிக் கேட்டதைத் தேடுகிறது. பாவம், தாமதம் ஆகாதா? எஸ்.எஸ்.டி.யில் சுற்றலும் இல்லை, ஓட்டமும் இல்லை, எல்லாம் சில்லுக்குள். தேனிக்குப் போகும்போது, இரண்டரை அங்குல 'சாட்டா' எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்குங்கள். பழையது இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

திருப்புளியை எடுக்குமுன் ஒரு காரியம். தங்கையின் சடங்குப் படம், மறைந்த தாத்தாவின் குரல் எல்லாம் அந்தத் தட்டில் அல்லவா இருக்கின்றன? முதலில் அவற்றை நகல் எடுங்கள். அப்புறம் மின்சாரத்தைத் துண்டித்து, பாட்டரியைக் கழற்றுங்கள். புதியது நன்றாக ஓடினாலும் பழைய தட்டை உடனே அழிக்க வேண்டாம். உறை போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

ரேம் 2 ஜி.பி.தான் என்றால் அதையும் கூட்டினால் நல்லது. சினிமாப் படம் வெட்டி ஒட்ட அது லாயக்குப்படாது. தம்பி பரீட்சைக்குப் படிக்கத் தாராளமாகப் போதும்.