தேடிப் போனவர் ஒருவர், கண்டவர் இன்னொருவர்

பிரயாணத்தில் சந்திக்கும் முகங்களை இறங்கும் இடத்திலேயே மறந்துவிடுவது நம் வழக்கம். அப்படி மறக்கப்படாத ஒரு சந்திப்பைப் பற்றி இன்று பேசலாம்.

1893 ஆம் ஆண்டு மார்ச் மாதம். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் துறைமுகத்தில் ‘டொரன்ஸ்’ என்னும் பாய்க்கப்பல் புறப்பட ஆயத்தமாக நிற்கிறது. அதில் ஏற வந்த ஆங்கில இளைஞர் இருவரில் ஒருவர் ஜோன் கோல்ஸ்வேர்தி. சட்டம் படித்து பரிஸ்டரானவர், ஆனால் அத்தொழிலில் மனம் ஒட்டாதவர். மற்றவர் அவருடைய நண்பர் சாண்டர்சன். சமோவாத் தீவில் வாழ்ந்துகொண்டிருந்த நாவலாசிரியர் ரொபேட் லூயிஸ் ஸ்டீவன்சனைக் கண்டுவிட வேண்டும் என்ற ஆசையோடு தென்கடலுக்குப் போனவர்கள் இவர்கள். அந்த ஆசை நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஸ்டீவன்சனும் காலமானார்.

கப்பலில், வெயிலில் கருத்த தாடிக்காரர் ஒருவர் சரக்கேற்றும் வேலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். கப்டனுக்கு அடுத்த அதிகாரி. போலந்துக்காரர். பெயர் ஜோசப் கொன்ராட்.

இந்த அதிகாரியின் அறையில் முடிவுறாத ஆங்கில நாவல் ஒன்றின் கையெழுத்துப் பிரதி இருந்தது. போலிஷ், பிரெஞ்சு இரண்டுக்கும் பிறகு அவர் கற்ற மூன்றாவது மொழி ஆங்கிலம். 1889 இல் தொடங்கிய கதை. கொங்கோவுக்கும் அவரோடு போய் மீண்டது. இதே கப்பல் அவுஸ்திரேலியாவுக்கு வரும்போது, நோயாளியான கேம்பிரிஜ் பட்டதாரி ஒருவரிடம் அதைக் கொடுத்து, இதை எழுதி முடிப்பதில் பயன் உண்டா என்று கொன்ராட் கேட்டிருக்கிறார். உண்டு என்ற பதில் ஒரே சொல்லில் வந்தது. அந்த முதல் வாசகர் அதிக காலம் உயிர்வாழவில்லை.

இப்போது கோல்ஸ்வேர்தி. கேப்டவுன் வரை ஏறத்தாழ இரண்டு மாதம், மாலை வேளைகளில் மேல்தளத்தில் அமர்ந்து கொன்ராட்டின் கதைகளைக் கேட்டார். கடலும் மலாயத் தீவுகளும் கொங்கோவும் அப்பேச்சில் வந்தன. இலக்கியம் வரவில்லை. எழுத்தாளரைத் தேடி உலகின் மறுகோடிவரை போனவர், தம் பக்கத்தில் இருப்பவர் யாரென்று அறியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

கொன்ராட்டை இலக்கிய உலகுக்குள் கொண்டுவந்தவர் கோல்ஸ்வேர்தி என்றும் பிற்காலத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியது. அதைக் கோல்ஸ்வேர்தியே மறுத்தார். இத்தகைய கதைகளுக்கு மெருகேற்றி, விதி என்று சொல்லிவிட நமக்கு எப்போதும் ஓர் ஆசை. ஆனால் அன்று கப்பலில் இருந்தவர்கள் தொழிலில் பிடிப்பில்லாத ஒரு சட்டத்தரணியும் ஒரு கடலோடியும் மட்டுமே. அதில் அதிசயம் எதுவுமில்லை. பின்னர் இருவரும் எழுதியவைதாம் அந்தப் பிரயாணத்தை அதிசயமாக்கின.

கொன்ராட்டின் முதல் நாவல் ‘அல்மேயர்ஸ் பொலி’ 1895 இல் வெளிவந்தது. இரண்டாவதைச் சாண்டர்சனுக்கும், 1904 இல் ‘நொஸ்ட்ரோமோ’வைக் கோல்ஸ்வேர்திக்கும் சமர்ப்பித்தார். பணமுடை வந்தபோதெல்லாம் கைகொடுத்த நண்பர் கோல்ஸ்வேர்தி. 1932 இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. கொன்ராட்டுக்கு அப்பரிசு கிடைக்கவில்லை. 1924 இல் அவர் மறைந்திருந்தார்.

‘டொரன்ஸ்’ கப்பலை 1910 இல் இத்தாலியின் ஜெனோவாவில் உடைத்தார்கள். தாம் இறப்பதற்கு முந்திய ஆண்டில் அந்தக் கப்பலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் கொன்ராட்.