குருதிச் சோதனையும் சத்துக் குறையும்

பள்ளி மாணவி ஒருத்தி முன்போல் ஓடியாடுவதில்லை. மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. பாடம் நடக்கும்போதே கண்கள் செருகுகின்றன. வீட்டார் அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்கின்றனர். அண்டை வீட்டார் ஒருவரோ, உடலிலுள்ள சத்துகள் அனைத்தையும் ஒருங்கே அளந்து கூறும் குருதிச் சோதனை உண்டு என்றும், அதனைச் செய்துவிட்டால் ஐயமெல்லாம் நீங்கிவிடும் என்றும் கூறுகிறார். அச்சோதனைக்கு ஆகும் செலவு தந்தையின் சில நாட்கூலியை விழுங்கிவிடும். செய்வதா, விடுவதா?

இத்தகைய சோர்வைக் காணும் மருத்துவர் முதற்கண் ஐயுறுவது குருதிச் சோகையை. குருதிக்குச் செந்நிறம் தருவது அதன் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள். நுரையீரலில் உயிர்வளியைப் பெற்று உடலெங்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. அதனை ஆக்குவதற்கு இரும்பு இன்றியமையாதது. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். அது குறைந்தால் தசைகளும் மூளையும் போதிய வளி பெறாது தளரும். 100 மில்லிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறைந்த ஹீமோகுளோபின் இருப்பின், அப்பெண்ணுக்குக் குருதிச் சோகை உண்டு எனக் கொள்வது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. வளர்ந்த ஆடவர்க்கு இவ்வெல்லை 13 கிராம்.

இவ்வளவைக் காண்பது அரிய செயலன்று. 1900ஆம் ஆண்டளவில் பின்லாந்து நாட்டு மருத்துவர் தால்குவிஸ்ட் என்பார், ஒரு துளிக் குருதியை உறிஞ்சுதாளில் இட்டு, அதன் நிறத்தை அச்சிட்ட நிற வரிசையோடு ஒப்பிட்டு மதிப்பிடும் வழியைத் தந்தார். அது தோராயமானதே. எனினும், கருவி இல்லாத இடங்களில் மருத்துவர்க்குக் கைகொடுத்தது. குருதிக் கொடை பெறும் இடங்களில் மயில்துத்தக் கரைசலில் ஒரு துளியை விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. போதிய ஹீமோகுளோபின் உள்ள துளி கனமுடையதாதலின் விரைந்து மூழ்கும். குறைந்த துளி மிதக்கும். அம்முறை எவ்வளவு என்று கூறாது. குருதி எடுக்கலாமா, ஆகாதா என்பதை மட்டுமே கூறும். அவ்விடத்திற்கு அவ்விடை போதும். இக்காலத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஹீமோகுளோபின் அளவைக் கட்டணமின்றியே அறிந்துகொள்ளலாம். மூச்சு வாங்கும் மாணவிக்கு இச்சோதனை வேண்டுமா என்று தயங்குவதற்கே இடமில்லை.

ஆனால், இச்சோதனை குறையைக் காட்டுமேயன்றிக் குறைக்குரிய காரணத்தைக் காட்டாது. 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாயில் ஆலைத் தொழில் செய்த ஏழை மகளிர்க்குக் கருவுற்ற காலத்தில் வரும் கடுஞ்சோகையை ஆராயத் தொடங்கினார். இரும்புக் குறையால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறித் தோன்றும். இம்மகளிரின் அணுக்களோ நுண்ணோக்கியில் பருத்துக் காணப்பட்டன. ஆகவே, குறைந்திருந்தது வேறொரு பொருள் என்பது புலனாயிற்று. நொதிப்பூஞ்சையின் சாறு அந்நோயைத் தீர்ப்பதை அவர் கண்டு 1931ஆம் ஆண்டு வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த சத்து, பின்னர் 1941ஆம் ஆண்டில் பசலை இனக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

அணுக்கள் பருத்திருப்பதற்கு வைட்டமின் பி12 குறைவும் காரணமாகலாம். இங்கேதான் சோதனையைத் தவிர்ப்பது தீங்காக முடியும். பி12 குறைந்தவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் சோகை நீங்கிவிடும். நரம்புகளோ மறைவில் கெட்டுக்கொண்டே போகும். புலாலும் பாலும் முட்டையும் நெடுங்காலம் உண்ணாதவர்க்குக் கைகால் மரத்தால், பி12 சோதனைக்குச் செலவிடும் பணம் வீண்பணமன்று.

இனி, எல்லாச் சத்தையும் குருதி காட்டிவிடுமா? குருதி ஓடும் வாய்க்கால். களஞ்சியம் வேறிடத்தில் உள்ளது. உடலிலுள்ள சுண்ணச்சத்து ஏறக்குறைய முழுவதும் எலும்பில் இருக்கிறது. உணவில் அது குறையும்போது, உடல் எலும்பைக் கரைத்தேனும் குருதியின் அளவைக் காத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்துகொண்டிருக்க, சோதனைத் தாள் 'குறையில்லை' என்று கூறும்! வைட்டமின் ஏயின் நிலையும் இத்தகையதே. கல்லீரலிலுள்ள சேமிப்பு வெகுவாகத் தீர்ந்த பின்னரே குருதியில் அதன் அளவு தாழும். மாலைக்கண் உற்ற குழந்தைக்கு மருந்தே முதலில் வேண்டும். சோதனையின் விடைக்காகக் காத்திருத்தல் கூடாது.

பல சோதனைகளை ஒரு கட்டாகச் செய்துகொள்வதில் மற்றோர் இடர் உண்டு. நலமுள்ள மக்களுள் 100க்கு 95 பேரின் அளவுகள் அடங்குமாறே பெரும்பாலான சோதனைகளின் இயல்பெல்லை வகுக்கப்படுகிறது. எனவே, நலமுள்ளவரே ஒரு சோதனையில் எல்லை தாண்டுவதற்கு 20இல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை அவர் செய்துகொண்டால், ஒன்றிலேனும் எல்லை தாண்டும் வாய்ப்பு 100க்கு 64 ஆகிவிடும். கணக்குப் பயிலும் மாணவர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம். அச்சமும் மறுசோதனையும் வேண்டாத மருந்தும் இவ்வாறு தோன்றுவனவே. நலமுள்ள பெரியோர்க்கு வைட்டமின் டி அளவை வழக்கமாகச் சோதிக்க வேண்டுவதில்லை என்று அமெரிக்க நாட்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கழகம் 2024ஆம் ஆண்டு அறிவுறுத்தியது.

சோதனையே இல்லாமல் சத்தை வழங்கும் முறையும் உண்டு. 2013ஆம் ஆண்டு இந்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி, பள்ளி மாணவர்க்கு வாரம் ஒரு முறை இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் அடங்கிய நீல மாத்திரை தரப்படுகிறது. குருதி பாராமல் கொடுக்கலாமா என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேர் சோகையுற்றிருப்பதாகக் கண்டது. பாதிக்கு மேற்பட்டோர்க்குக் குறை இருக்குமிடத்தில், ஒவ்வொருவரையும் சோதிப்பதினும் எல்லோர்க்கும் சிறிதளவு கொடுப்பதே மேலானது. இரும்பு நிறைந்த உடல் குடலின் வழியே குறைவாகவே அதனை ஏற்கும்.

எனினும், இவ்வாரச் சிற்றளவு தடுப்பேயன்றி மருத்துவமன்று. அம்மாணவியின் ஹீமோகுளோபின் 9 கிராம் எனத் தெரியவருமாயின், மருத்துவர் நாள்தோறும் உண்ணும் இரும்பு மாத்திரையைத் தருவார். ஒரு திங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்ப்பார். அவ்விரண்டாம் சோதனையே பெரும்பயன் உடையது. பலரும் விட்டுவிடுவதும் அதனையே. அளவு 1 கிராமேனும் ஏறியிருந்தால் மருந்தைத் தொடரலாம். ஏறவில்லையெனில் காரணம் தேட வேண்டும்: மாத்திரையைத் தேநீரோடு உண்டாளா, குடலில் கொக்கிப்புழு குருதியை உறிஞ்சுகிறதா, பிறவியிலேயே வரும் தலசீமியா உள்ளதா என்று ஆராய வேண்டும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் சோதனைக்கு அப்போதுதான் வேளை வரும். அதுவும் காய்ச்சல் தணிந்த பின்னரே செய்யத்தக்கது. காய்ச்சற் காலத்தில் பெரிட்டின் தானே உயர்ந்து, வெறுங் களஞ்சியத்தையும் நிறைந்ததாகக் காட்டிவிடும்.