ஏலத்தூரைப் பிரிக்கும் முன்...

விடியுமுன் லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறும் ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலையாட்களைக் காணலாம். கூடலூர், கம்பம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மேலே சொந்தமாகவோ குத்தகைக்கோ ஏலக்காடு உண்டு. அடிவாரத்து வெக்கையில் ஏலம் வராது. 600 முதல் 1,200 மீட்டர் உயரமும், மர நிழலும், குளிர்ந்த ஈரமும் அதற்கு வேண்டும். ஆயினும் மேலே தோட்டம் செழித்தால்தான் கீழே அடுப்பு எரியும் என்பது இப்பகுதியில் யாவரும் அறிந்ததே.

2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மலைகளில் வறட்சியால் ஏலச்செடிகள் பரவலாகக் காய்ந்தன. அப்படி ஒரு கோடை கழிந்து முதல் மழை விழுந்ததும், "கன்று எங்கே கிடைக்கும்?" என்றுதான் எல்லோரும் அலைகிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எந்தத் தூரிலிருந்து எடுத்த கன்று?" என்பதே அது.

விதை நாற்றா, தூர்க்கன்றா?

ஏலத்தில் தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை நடைபெறுகிறது. ஆகவே விதை நாற்றுகள் ஒன்றுபோல் இரா. தூரைப் பிரித்து எடுத்த கன்றோ தாயின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். நாற்றைவிட ஏறத்தாழ ஓராண்டு முந்திக் காய்க்கவும் செய்யும். இடுக்கி மாவட்ட விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் மலையெங்கும் பரவியது இவ்வாறு தூர் பிரித்துத்தான்.

ஆனால் தாயின் குணத்தோடு தாயின் நோயும் சேர்ந்து வரும். ஏலத்தை அழிக்கும் கட்டே நோய் விதை மூலம் பரவுவதில்லை. கன்று மூலம் பரவும். இது நச்சுயிரி நோய். இளம் இலையில் நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கி விட்டுவிட்டு ஓடும் வெளிர்பச்சைக் கோடுகளே இதன் முதல் அடையாளம். பின்னர் தட்டைகள் மெலிந்து, தூர் குறுகி, காய்ப்பு நின்றுவிடும். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நோய் தொற்றியபின் அடையாளம் தெரிய மூன்று மாதத்துக்கு மேலும் ஆகலாம். எனவே இன்று பச்சையாகத் தெரியும் கன்று நோயற்றது என்று நம்பிவிட முடியாது.

தாய்த்தூரைத் தேர்வு செய்தல்

தூர் பிரிப்பது மழைக்காலத்து வேலையாயினும், தேர்வு காய் பறிப்பிலேயே தொடங்க வேண்டும். எந்தத் தூரில் சரங்கள் அதிகம், எதில் காய் பருமன், எது ஒவ்வொரு பறிப்பிலும் கூடையை நிரப்புகிறது என்பதைக் காய் பறிக்கும் பெண்கள் நன்கு அறிவார்கள். அவர்களைக் கேட்டு, நல்ல தூர்களில் துணி கட்டி அடையாளம் வைக்கவும். ஒரே பறிப்பை வைத்து முடிவு செய்யாமல், இரண்டு மூன்று ஆண்டு காய்ப்பைப் பார்ப்பது நலம். அந்தத் தூரில் மட்டுமின்றி, சுற்றியுள்ள தூர்களிலும் கட்டே இல்லாதிருக்க வேண்டும்.

நோய் கண்ட தூரைக் கிழங்கோடு தோண்டி எடுத்து அழித்துவிட வேண்டும். நோயைப் பரப்பும் அசுவினிகள் காய்ந்த இலையுறைகளுக்குள் ஒளிந்து வாழும். எனவே காய்ந்த உறைகளை உரித்து அகற்றுவதும், அருகிலுள்ள காட்டுச் சேம்பை நீக்குவதும் அவசியம்.

எப்போது, எப்படி?

கோடையில் வாடி நிற்கும் தூரைத் தொடக் கூடாது. அது முதலில் தன்னைத் தேற்றிக்கொள்ளட்டும். மழை பிடித்து நிலம் நன்கு நனைந்தபின், ஜூன் மாத வாக்கில், மேகமூட்டமும் சாரலும் உள்ள நாளில் பிரிப்பது சிறந்தது. கொட்டும் மழையில் பிரித்து நடுவது கூடாது.

முழுத் தூரையும் பெயர்க்காமல், ஒரு பக்கத்தை மட்டும் மண்ணோடு எடுக்கவும். மீதி அதே இடத்தில் நின்று, மீண்டும் பக்கக்கன்றுகளை விடும். நடவுக்கு ஒரு கன்று என்பது முற்றிய தட்டை ஒன்றும், அதன் அடியில் எழும் இளங்குருத்து ஒன்றும் சேர்ந்ததாகும். எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு ஒற்றைத் தட்டையாகப் பிளந்தால், பிழைப்பது கடினம். நீண்ட வேர்களைக் கத்தரித்து, அழுகிய பகுதி இருப்பின் அந்தக் கன்றையே ஒதுக்கிவிடவும்.

மேல்மண்ணும் மக்கிய தொழுஉரமும் கலந்து நிரப்பிய குழியில் ஆழமில்லாமல் நட வேண்டும். கிழங்கு ஆழத்தில் புதைந்தால் புதுக் குருத்து எழத் தடைப்படும்; அழுகலும் வரும். காற்றில் ஆடாதபடி குச்சி நட்டுக் கட்டி, காய்ந்த சருகால் மூடாக்கு இடவும். தூரைச் சுற்றி நீர் தேங்காமல் வடிகால் அமைப்பது மிக முக்கியம்.

கன்று போதாவிட்டால்

சொந்தத் தூரில் பத்துக் கன்றே தேறினால், பத்தை மட்டும் எடுக்கவும். அவற்றைத் தோட்டத்திலிருந்து விலகிய இடத்தில், சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டி, மண்ணும் தொழுஉரமும் நிரப்பி நட்டு, நிழலும் நீரும் கொடுத்து வந்தால், ஓராண்டில் அவை பல மடங்காகப் பெருகும். அடுத்த மழைக்கு வெளியில் கன்று தேட வேண்டியிராது. விலைக்கு வாங்கியே ஆக வேண்டுமெனில், கன்றை மட்டும் பார்க்காமல் தாய்த்தோட்டத்தை நேரில் சுற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கவும். ஐயம் எழுந்தால், இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை விலை போயிற்று. பின்னர் அந்த விலை நிற்கவில்லை. விலையைக் கண்டு அவசரத்தில் நட்ட நோய்க்கன்றோ தோட்டத்தை விட்டுப் போகாது. பக்கத்துத் தூரையும் கெடுக்கும். காலி இடம் ஓராண்டு காலியாகவே இருந்தாலும் நட்டம் சிறிதுதான். இந்தப் பறிப்பிலேயே துணி கட்டத் தொடங்குங்கள்!