டிக்கெட் கேட்காத லண்டன்

லண்டனின் சிவப்பு மாடி பஸ்ஸில் 1970களில் ஏறிய வெளியூர்க்காரருக்கு ஒன்றே ஒன்று தெரிந்திருந்தால் போதும்: எங்கே போக வேண்டும் என்பது. ரூட்மாஸ்டர் வண்டிக்குப் பின்பக்கம் கதவே கிடையாது. திறந்த படியில் ஏறி, இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டால் கண்டக்டர் தேடிக்கொண்டு வருவார். அவர் மார்பில் வார் போட்டு ஓர் உலோகப் பெட்டி தொங்கும். ஜார்ஜ் கிப்சன் என்பவர் உருவாக்கி 1953இல் புழக்கத்துக்கு வந்த டிக்கெட் இயந்திரம் அது. கட்டணத்தைத் திருகி வைத்து, பக்கத்துக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால், வெற்றுத்தாள் சுருளில் டிக்கெட் அங்கேயே அச்சாகி வெளியே வரும். லெஸ்டர் ஸ்கொயரை எழுத்துக்கூட்டி ‘லெய்செஸ்டர்’ என்று கேட்டாலும் அவருக்குப் புரியும். எவ்வளவு என்று அவரே சொல்வார், சில்லறை கொடுப்பார், மனம் வைத்தால் இறங்கும் இடத்தில் குரலும் கொடுப்பார். கிப்சன் இயந்திரம் 1993 வரை ஓடியது. அன்றாட வழித்தடத்தில் கடைசி ரூட்மாஸ்டர், 159ஆம் எண் வண்டி, 2005 டிசம்பரில் ஓய்ந்தது.

பாதாள ரயில் அவ்வளவு தாராளமில்லை. ஜன்னலில் வரிசை நின்று, போகும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும். வெளியேறும்போது வாசலில் நிற்பவரிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். மேற்கொண்டு இரண்டு ஸ்டேஷன் போய்விட்டால் மிச்சக் காசை அங்கேயே கட்டலாம். 1983இல் ட்ராவல்கார்டு வந்தது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே சீட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். வசதிதான். ஆனால் அதோடு ஒரு கணக்கும் வந்து சேர்ந்தது. கட்டணத்துக்காக ஊரைப் பிரித்த ஜோன்களில் எவையெவை, காலை நெரிசலுக்கு முன்பா பின்பா, ஒரு நாள் சீட்டா ஏழு நாள் சீட்டா? ஊரையே பார்க்காத ஒருவர் ஊரைச் சுற்றும் திட்டத்தை முதல் நாள் காலையிலேயே ஜன்னலில் ஒப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு ஜோன் கூடுதலாக வாங்கினால் காசு வீண். குறைவாக வாங்கினால் சிக்கல். பின்னால் நீளும் வரிசை வேறு.

2003இல், பணம் ஏற்றித் தட்டும் ஓய்ஸ்டர் அட்டை வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுப்பதில்லை என்ற உச்சவரம்பும் அதில் சேர்ந்தது. 2012 டிசம்பரில் பஸ்களில் வங்கிக் கார்டையே தட்டலாம் என்றார்கள். 2014 ஜூலை 6 முதல் பஸ்ஸில் காசு வாங்குவதே நின்றது. ரொக்கம் கொடுப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, நிறுத்தினால் ஆண்டுக்கு 2.4 கோடி பவுண்டு மிச்சம் என்று போக்குவரத்துக் கழகம் கணக்குக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் பாதாள ரயிலும் வங்கிக் கார்டுக்குத் திறந்தது. மறு ஆண்டு டிக்கெட் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இன்று ஹீத்ரோவில் இறங்குபவர் எதையும் வாங்க வேண்டாம். மஞ்சள் வட்டத்தில் கார்டைத் தட்டி உள்ளே போய், இறங்கும் இடத்தில் தட்டி வெளியே வந்தால் வேலை முடிந்தது. ஜோன் கணக்கை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதிகாலை நாலரை முதல் மறுநாள் அதே நேரம் வரை போன பயணங்களையெல்லாம் கூட்டி, உச்சவரம்பைத் தாண்டாமல் ஒரே தொகையாக எடுத்துக்கொள்ளும். பிடிவாதமாகக் காகித டிக்கெட்தான் வேண்டும் என்பவருக்குத் தண்டனையும் உண்டு. 2025 மார்ச் கட்டணப்படி, நகர மையத்துக்குள் பாதாள ரயிலில் ஒருமுறை போகக் கார்டில் 2.90 பவுண்டுக்கு மேல் ஆகவில்லை. காகிதத்தில் 7 பவுண்டு.

ஆக, லண்டனைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியது இப்போது சொந்த ஊர் வங்கியைப் பற்றி. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, இந்தியாவில் புதிதாக வரும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டும் வசதியையும் நாமே வங்கியின் செயலியில் தனித்தனியாகத் திறந்துவிட வேண்டும். திறக்காத கார்டை எத்தனை முறை தட்டினாலும் கதவு அசையாது. திறந்திருந்தாலும், பல கார்டுகளில் நாணய மாற்றுக் கட்டணம் மூன்று, மூன்றரை சதவீதம் வரை ஏறும்.

தட்டுவதிலும் சில சூட்சுமங்கள். ஒரு கார்டில் ஒருவர்தான் போகலாம். அப்பா தட்டிவிட்டு அதையே பின்னால் வரும் அம்மாவுக்கு நீட்ட முடியாது. ஒரே கணக்கானாலும் போனில் இருப்பது வேறு எண், கையில் இருக்கும் அட்டை வேறு எண். போனைத் தட்டி ஏறி அட்டையைத் தட்டி இறங்கினால், முழுமையடையாத இரண்டு பயணங்களாகக் கணக்காகி இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். ஆனால் கிரீனிச் பார்க்க டிஎல்ஆர் ரயிலில் போய் கட்டி சார்க் ஸ்டேஷனில் இறங்குபவர், வாசலில் கதவே இல்லாததால் தட்டாமல் நேரே அதே பெயர் கொண்ட பழைய கப்பலைப் பார்க்க நடந்துவிடுவார். மறிக்க ஆள் இல்லை. அதிகபட்சக் கட்டணம் விழுந்தது மறுநாள் கணக்கைப் பார்க்கும்போதுதான் தெரியும். ஸ்ட்ராட்ஃபோர்டு போன்ற சில சந்திப்புகளில் இளஞ்சிவப்பு வட்டம் ஒன்று இருக்கும். நடு ஜோனைத் தொடாமல் சுற்றிப் போகிறோம் என்று சொல்ல அதைத் தட்ட வேண்டும். தட்டினால் கட்டணம் குறையும். வெளியூர்க்காரர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இயந்திரம் எப்போதும் மலிவானதையே பிடித்துக் கொடுக்கும் என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். வங்கிக் கார்டின் வார உச்சவரம்பு திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும். புதன்கிழமை வந்து அடுத்த செவ்வாய் கிளம்புபவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஜன்னலில் வாங்கிய பழைய ஏழு நாள் ட்ராவல்கார்டு எந்தக் கிழமையிலும் தொடங்கும். அது ஒழிந்துவிடவில்லை, ஓய்ஸ்டரில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஸ்டேஷன் டிக்கெட் இயந்திரத்தின் திரையில் அதைத் தேடி எடுக்க, அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஜன்னல் இருந்த காலத்தில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று ஒருவர் கேட்டுச் சொல்லியிருப்பார்.

இந்த மாற்றத்தில் ஒதுங்கி நிற்பவர்கள் என் கண்ணுக்கு அம்மா அப்பாக்கள்தான். ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ இருக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து தங்கும் அவர்களிடம் ரொக்கம் இருக்கும். வெளிநாட்டில் தட்டக்கூடிய கார்டு பெரும்பாலும் இருக்காது. அன்று கண்டக்டரிடம் காசை நீட்டி ஆர்ச்வே போய், ஹைகேட் முருகன் கோயிலுக்குத் தனியாகவே நடந்திருக்கலாம். இன்று பஸ்ஸில் அந்தக் காசு செல்லாது. பேரக்குழந்தைக்குப் பத்து வயதுக்குள் என்றால் பஸ்ஸிலும் பாதாள ரயிலிலும் இலவசம். பாட்டிக்குத்தான் வழி தேட வேண்டும். அதற்கு இருப்பது ஓய்ஸ்டர். ஸ்டேஷன் இயந்திரங்களில் பலவற்றில் ரொக்கம் போட்டே அதை நிரப்பலாம். சலுகை எதுவும் ஏற்றாத சாதாரண அட்டை என்றால் இன்று பாட்டி, அடுத்த கோடையில் சித்தப்பா என்று யார் கைக்கும் மாறலாம். உள்ளே இருக்கும் பணமும் காலாவதியாகாது. 2025 செப்டம்பரில் அட்டை விலையை 7 பவுண்டிலிருந்து 10ஆக ஏற்றிவிட்டார்கள், திரும்பக் கிடைக்காத காசு அது. அதனால் ஊருக்குத் திரும்பும்போது அட்டையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாமல், அடுத்து வருபவருக்காகப் பிள்ளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.