கோயில் இல்லாத பெரிய கடவுள்

கோயமுத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக மேற்கே சென்றால், எல்லை தாண்டியதும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. நம் பவானி ஆறு இந்த மலைகளைச் சுற்றிக்கொண்டுதான் தமிழ்நாட்டுக்கு வருகிறது. இங்குள்ள பழங்குடியினர் இருளர், முடுகர், குறும்பர். இருளர் பேச்சு தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படாது.

இவர்களுடைய பெரிய கடவுள் ஒரு மலை. 1664 மீட்டர் உயரமுள்ள மல்லீஸ்வரன் முடியையே மாபெரும் சிவலிங்கமாக வணங்குகிறார்கள். சிவராத்திரியன்று முடுகர்கள் விரதமிருந்து உச்சிக்கு ஏறி விளக்கேற்றுவார்கள். மற்றவர்கள் கீழே நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

சரி, மற்ற நாட்களில்? விதைப்பைச் சடங்கு செய்து தொடங்கி வைக்க ஊருக்கு ஒரு மண்ணுக்காரன் உண்டு. வழக்கைத் தீர்க்க மூப்பன் உண்டு. நோய்க்கும் மழைக்கும் பக்கத்திலேயே சிறு தெய்வங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மலையைத் தொந்தரவு செய்வதில்லை!

இந்த ஏற்பாட்டை ஒரு முழுத் தத்துவமாகவே வளர்த்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள். நைஜீரியாவின் தென்மேற்கிலும் அடுத்துள்ள பெனின், டோகோ நாடுகளிலும் வாழ்பவர்கள். அவர்களுடைய முழுமுதற் கடவுள் ஒலோடுமாரே. ஒலோருன் என்றும் பெயர். வானுலகுக்கு உடையவன் என்று பொருள். அவருக்குச் சிலை கிடையாது. பெரிய கோயிலோ தனிப் பூசாரிக் கூட்டமோ கிடையாது. கோயிலும் திருவிழாவும் பலியும் எல்லாம் ஒரிஷா எனப்படும் தெய்வங்களுக்குத்தான். மனித உடலை வனைபவர் ஒபதாலா என்ற ஒரிஷா. ஆனால் அந்த உடலுக்கு மூச்சைத் தருவது ஒலோடுமாரே மட்டுமே. அந்த ஒரு வேலையை அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

வெளியிலிருந்து பார்த்த ஐரோப்பியர் சிலர், 'உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிப்போன கடவுள், மக்கள் மறந்துவிட்ட கடவுள்' என்று எழுதிவிட்டார்கள். இதை மறுத்து 1962-இல் ஒரு முழு நூலே எழுதினார் போலாஜி இடோவு. யொருபாக்காரர், கிறிஸ்தவப் போதகர், பேராசிரியர். ஒரிஷாக்கள் எல்லாரும் ஒலோடுமாரேயின் அமைச்சர்கள். அவர்களுக்குச் செய்வது அவரைச் சேர்கிறது என்பது அவர் வாதம். நேரடி வழிபாடும் உண்டு என்று காட்டுகிறார். இஃபே நகரில் சாம்பலால் தரையில் ஒரு வட்டம் வரைவார்கள். அதற்குள் குளிர்ந்த நீர் வார்த்து, பஞ்சின் மேல் ஒரு கோலாக் கொட்டையை வைத்து வேண்டுவார்கள். அவ்வளவுதான் பூசை. சிதம்பரத்தில் திரை விலக்கி வெட்டவெளியைக் காட்டக் கண்டவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

மறக்கப்பட்ட கடவுளின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பார்களா? 1999 முதல் 2007 வரை நைஜீரியாவின் அதிபராக இருந்த ஒபசாஞ்சோவின் முதற்பெயர் ஒலுசெகுன். இறைவன் வென்றான் என்று பொருள். நைஜீரியாவில் பணிபுரிந்த அன்பர்கள் 'ஒலு'வில் தொடங்கும் பெயர்களை எத்தனையோ கேட்டிருப்பார்கள்.

அட்டப்பாடிக்கு வருவோம். ஆண்டுக்கு ஒரு நாள் விளக்கேற்றுவதைப் பார்த்து, இவர்களுக்கும் பெரிய கடவுள் தூரத்துச் சங்கதி என்று சொல்லிவிடலாம். உண்மையில் மலை தினமும் கண்முன் நிற்கிறது. ஈஸ்வரன் என்ற பெயர் பின்னால் வந்து சேர்ந்தது, மலை முன்பே வணங்கப்பட்டது என்பது என் எண்ணம். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி மலையிலும் இருளர்களே பூசாரிகள். அங்கே பெயர் மட்டும் வைணவம்!

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 1951-இல் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் பாதிக்கும் குறைவு. இரு பக்கச் சமவெளிகளிலிருந்தும் குடியேறியவர்கள் கைக்கு நிலம் போயிற்று. அவர்களில் நம்மவர்களும் உண்டு. பறிபோன நிலத்தை மீட்டுத் தரக் கேரளம் 1975-இல் சட்டம் இயற்றியது. ஆண்டுக்கணக்கில் அது நடைமுறைக்கு வரவில்லை. 1999-இல் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள்.

சிவராத்திரிக்கு அடிவாரத்துச் செம்மண்ணூர்க் கோயிலில் எல்லாரும் கூடுகிறார்கள், கோவைப் பக்கத்தவர் உட்பட. உச்சிக்கு ஏறும் உரிமை முடுகருடையது. போகிற அன்பர்கள் கீழே நின்று, இருட்டிய பின் மேலே பாருங்கள்.