ஐந்துக்கு எட்டு பாத்ரூமுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

வீடு கட்டும்போது ஹாலுக்கும் பூஜையறைக்கும் மாதக்கணக்கில் யோசிப்போம். பாத்ரூம் என்று வந்தால், "மிச்சம் இருக்கிற இடத்தில் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுவோம். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பிளான் போடுபவரைக் கேட்டுப் பாருங்கள்! அவர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதே அந்த ஐந்தடிக்கு எட்டடியில்தான்!

கணினித் திரையில் அவர் உங்கள் பாத்ரூமைச் சுருக்கி வரையவில்லை, நிஜ அளவிலேயே வரைகிறார் என்பது தெரியுமா? எட்டடிச் சுவர் உள்ளே எட்டடியாகவே இருக்கும்! ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்குவதெல்லாம் தாளில் அச்செடுக்கும்போதுதான். ஆட்டோகேடின் ஆரம்ப காலத்தில் சூரியக் குடும்பம் முழுவதையும் ஒரே கோப்பில் வரைந்து காட்டினார்கள். கோள்களின் பாதையிலிருந்து பெரிதாக்கிக்கொண்டே போனால், நிலவில் இறங்கிய கலத்தின் காலில் இருக்கும் பலகையின் எழுத்து வரை படிக்கலாம்! அந்தத் துல்லியம்தான் இன்று உங்கள் வாஷ்பேசினுக்கு வேலை பார்க்கிறது.

இந்த வித்தைக்கு விதை போட்டவருக்கு அப்போது வயது 24! 1963-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆய்வு மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 என்ற ராட்சதக் கணினியின் திரையில் ஒளிப்பேனாவை வைத்துக் கோடு இழுத்தார். ஒரு மூல வடிவத்தை வரைந்து, அதற்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். மூலத்தை மாற்றினால் பிரதிகள் அத்தனையும் தானாக மாறிவிடும்! 1982 நவம்பரில் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் அறிமுகமான ஆட்டோகேட், சாதாரண மேசைக் கணினிக்கே இந்த வித்தையைக் கொண்டுவந்துவிட்டது. அதில் ‘பிளாக்’ என்கிறார்களே, அதுவும் சதர்லேண்டின் அந்த மூலமும் பிரதியும்தான். எண்பது பாத்ரூம் உள்ள அடுக்குமாடிக்கு ஒரே ஒரு கமோடை வரைந்தால் போதும். மாடலை மாற்ற வேண்டுமா? ஒன்றைத் திருத்தினால் எண்பதும் மாறும்!

சரி, இனிமேல்தான் ஆபத்தான இடம். பிளானில் நாலடி அகலம் என்று போட்டால், கட்டி முடித்த பிறகு நாலடி இருக்காது தெரியுமா? அந்த அளவு பெரும்பாலும் செங்கலுக்குச் செங்கல் எடுத்தது. அதன்மேல் பூச்சு 12 மி.மீ., டைல்ஸ் ஒட்டும் கலவை கொஞ்சம், டைல்ஸ் ஒரு 8 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 25 முதல் 30 மி.மீ. வரை போச்சு. இரண்டு பக்கமும் சேர்த்தால் சுமார் இரண்டு அங்குலம் காணாமல் போகிறது! பாத்ரூமின் அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. நாலடி என்பது 1.22 மீட்டர்தான். டைல்ஸ் ஒட்டியதும் விதிக்கே இடிக்கிறது! விவரமானவர்கள் ‘ஆஃப்செட்’ கட்டளையால் சுவர்க்கோட்டுக்கு உள்ளே 30 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு போட்டு, அதிலிருந்துதான் அளவே பிடிப்பார்கள்.

கமோடு வாங்கப் போனால் கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன் கேட்பது என்ன? "எஸ் டிராப்பா, பி டிராப்பா?" பி டிராப்பில் கழிவு சுவர் வழியாகப் போகும், எஸ் டிராப்பில் தரை வழியாக. தரை வழி என்றால் சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி எவ்வளவு தூரம்? 9 அங்குலமா, 12 அங்குலமா? டைல்ஸ் முகத்திலிருந்தா, பூசாத சுவரிலிருந்தா? இந்த ஒரே ஓர் எண் பிளானில் இல்லாததால் ஒட்டிய டைல்ஸைப் பெயர்க்கிற கொடுமை நம்மூரில் சர்வ சாதாரணம்! இத்தனைக்கும், நாற்றத்தைத் தடுக்கக் குழாயை வளைத்துத் தண்ணீரை நிறுத்தும் அந்த ‘டிராப்’ உத்திக்கு 1775-இல் காப்புரிமை வாங்கிய அலெக்ஸாண்டர் கம்மிங் ஒரு கடிகாரத் தொழிலாளி! அளவு பிசகாத கைதான் அதற்கும் தேவைப்பட்டிருக்கிறது.

பிளானில் கதவருகே கால்வட்டக் கோடு இருக்குமே, அது அழகுக்கு இல்லை. கதவு திறக்கும் பாதை! அந்த வளைவு கமோடைத் தொட்டால் நிஜத்தில் கதவு முட்டும். சக்கர நாற்காலி திரும்ப 1500 மி.மீ. வட்டம் வேண்டும், அதையும் வட்டமாகவே போட்டு அறைக்குள் நகர்த்திப் பார்க்கலாம். டைல்ஸை ‘ஹேட்ச்’ என்ற கட்டக் கோடுகளாகப் போட்டு, முதல் கல் தொடங்கும் புள்ளியைக் கொஞ்சம் தள்ளினால், வெட்டுத்துண்டு கண்ணில் படாத மூலைக்குப் போய்விடும்!

திரையில் கோடுகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மின்னுகின்றனவே, ஏன்? படத்தைத் தாளில் போடும் அந்தக் காலத்து பிளாட்டர் இயந்திரம் நிஜப் பேனாவைப் பிடித்து வரைந்தது. எந்த நிறம் என்பதை வைத்து எந்தப் பேனா என்று முடிவானது. பேனா போயே போச்சு! ஆனாலும் பல அலுவலகங்களில் கோட்டின் தடிமனை இன்றும் நிறம்தான் தீர்மானிக்கிறது.

இந்த அளவுத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் ஜப்பானுக்கு வாருங்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்காக எழும்பிய நியூ ஒட்டானி ஓட்டலின் ஆயிரத்துச் சொச்சம் அறைகளுக்கும் டோட்டோ நிறுவனம் பாத்ரூம்களை ஆலையிலேயே செய்து, கொண்டுவந்து பொருத்தியது! இன்றும் அங்கே பாத்ரூமை எண் சொல்லி வாங்கலாம். ‘1616’ என்றால் உள்ளளவு 1600-க்கு 1600 மி.மீ. அமெரிக்காவில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் அதற்கும் முன்பே, 1940-இல், தகட்டில் அச்சடித்த நான்கு பாகங்களைப் பூட்டும் ஐந்தடிச் சதுர பாத்ரூமுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்!

இவ்வளவு வித்தை இருந்தும் பிளானில் ஒன்று மட்டும் தெரியாது: வாட்டம், அதாவது தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. 80-க்கு 1 என்று வைத்தால் எட்டடிக்கு 30 மி.மீ. இறங்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் படத்தில் அதற்கு ஒரு அம்புக்குறிதான். மற்றது கொத்தனார் கையில். என்னைக் கேட்டால், செடியும் மூடுபனியும் காட்டும் முப்பரிமாணப் படத்துக்குக் கொடுக்கிற காசு வீண். கான்கிரீட் போடுவதற்கு முன்னால், டிராப் தூரமும் டைல்ஸ் முகத்து அளவும் வாட்டத்து அம்பும் போட்ட ஒரு ஏ3 தாளை பிளம்பர் கையில் கொடுங்கள். ஒரு நகலைச் சுவரிலும் ஒட்டிவிடுங்கள்!