இரைச்சலை அமுக்க இன்னும் கொஞ்சம் சத்தம்

காலை நேரப் பேருந்து. ஜன்னலோரம் ஒரு கல்லூரி மாணவர், காதில் இயர்போன். வண்டி மேட்டில் ஏறி எஞ்சின் உறுமும்போது அவர் விரல் தானாகச் சத்தத்தைக் கூட்டுகிறது. சிக்னலில் வண்டி நின்று இரைச்சல் அடங்கிய பிறகும் கூட்டியது கூட்டியபடியே இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரருக்கும் பாட்டு கேட்கிறது. காதைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான். செல்போன் கதிர்வீச்சு காதைச் செவிடாக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. சத்தம் கெடுக்கும் என்பதற்குச் சான்று ஏராளம்.

உட்காதில் நடப்பது

நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்லியா, பட்டாணி அளவுதான். அதில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். ஒலியை நரம்புக்குப் புரியும் மின் சைகையாக மாற்றுபவை இவையே. என்றோ ஒருநாள் அதிகச் சத்தம் கேட்டால் சோர்ந்து, ஓய்வு கிடைத்ததும் பெரும்பாலும் தேறிவிடும். நாள்தோறும் அடி விழுந்தால் செத்துவிடும். செத்தவை மறுபடி முளைப்பதில்லை.

உச்ச ஸ்தாயி ஒலிகளைப் பிடிக்கும் செல்கள் முதலில் பழுதாகும். உயிரெழுத்தின் கனத்த ஓசை கேட்கும். ‘ச’ போன்ற மெல்லிய உரசல் நழுவிவிடும். அம்மா சொன்ன ‘காசு’, ‘காது’ என்று விழலாம். “சத்தம் கேக்குது டாக்டர், என்ன பேசறாங்கன்னுதான் புரியல” என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு நேரம் கேட்கலாம்?

பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75 டெசிபல். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பெரியவர்களுக்கு 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 டெசிபலில் வெறும் 20 நிமிடம். முழுச் சத்தத்தில் வைத்தால் பல போன்கள் 100 டெசிபலைத் தொட்டுவிடும். ஒரு பேருந்துப் பயணத்திலேயே வாரக் கணக்கு தீர்ந்துவிடும்.

செய்யக்கூடியது

சத்தத்தை 60 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். இரைச்சலான இடத்தில் பாட்டைக் கூட்டுவதைவிட நிறுத்திவிடுவதே மேல். வெளி இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் இருந்தால் குறைந்த சத்தமே போதும். வீட்டில் விளையாட்டுச் செயலியோடு உட்காரும் பிள்ளைகளின் போனில் ஒலி வரம்பை நீங்களே அமைத்துக் கொடுங்கள்.

இயர்போனைக் கழற்றியபின் காதில் ‘ங்ஙொய்’ என்று ரீங்காரம் நீடித்தால், செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரு காது அடைத்துப்போய்க் கேட்காமல் போனால், குறும்பி என்று நினைத்து எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நாள் தள்ளத் தள்ள கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.